தென்சீமை ராணிகள்: மங்கம்மாளுக்கு ஒரு பாட்டு

மங்கம்மாளைப் பேரன் சிறை வைத்த கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அமைச்சர் அச்சையா, தளவாய்கள், கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்ட சோறு என்று குறிப்புகள் எல்லாம் தயார். எழுத உட்கார்ந்ததும் எரிச்சல்தான் வந்தது. ஏறக்குறைய பதினேழு வருஷம் மதுரையை ஆண்டவள் எப்படிச் செத்தாள் என்பதைத்தானே எல்லோரும் முதலில் கேட்கிறோம்?

இந்த எரிச்சலைக் கிளப்பியது ஓர் இங்கிலீஷ் ஆல்பம். டோபி மார்லோ, லூசி மாஸ் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 2017ல் எடின்பரோ கலைவிழாவுக்காக எழுதிய ‘சிக்ஸ்’ என்ற இசை நாடகத்தின் பாட்டுகள் அவை. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளும் பாப் பாடகிகளாக மைக் பிடித்து நிற்கிறார்கள். அதிகம் அழுதவள் யாரோ அவளே தலைவி என்று போட்டி. 2018ல் ஆல்பம் வந்தது. 2022ல் அதன் இசைக்கு டோனி விருதும் கிடைத்தது. கிளீவ்ஸ் இளவரசி ஆன் பாடும்போது நமக்கே துள்ளல் வருகிறது. ஹென்றி தள்ளிவைத்த பிறகு, அவன் கொடுத்த அரண்மனையில் வசதியாக வாழ்ந்து, அவனுக்குப் பிறகும் பத்து வருஷம் இருந்தவள் அவள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவள் வெறுமனே ‘தள்ளிவைக்கப்பட்டவள்’தான்!

நம் பக்கம் இப்படிப் பாட ஆளில்லையா என்றால், உண்டு. ஆடி மாதம் தென்காசி வட்டாரத்தில் எந்த ஊர்க் கொடைக்குப் போனாலும் வில்லடிச்சத்தம் கேட்கும். வீசுகோல், உடுக்கு, குடம், ஜால்ரா, பின்பாட்டுக்காரரின் ‘ஆமா’. இந்தச் சீமையின் வில்லுப்பாட்டுக் கதைகளில் ஐவர் ராசாக்கள் கதை ஒன்று. வள்ளியூர்க் கோட்டைப் பாண்டியன் குலசேகரனின் உருவத்தைப் பார்த்து ஆசைப்படுகிறாள் கன்னடியன் என்ற அரசனின் மகள். அவன் மணக்க மறுக்கிறான். கன்னடியன் படை கோட்டையை முற்றுகையிடுகிறது. சிறைபிடிக்கப்பட்டவன் வழியிலேயே உயிரை விடுகிறான். பெண் அவன் பிணத்தோடு தீயில் இறங்குகிறாள். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம் இது. ஆனால் அவள் ஆசைப்பட்ட நாள் முதல் சாகும் நாள் வரை கதை அவளைச் சுற்றி ஓடுகிறதே தவிர, அவள் அந்தக் கோட்டையைப் பற்றி, தன் தகப்பனைப் பற்றி என்ன நினைத்தாள் என்று எவரும் கேட்பதில்லை.

இனி குற்றாலத்துக்கு வருகிறேன். என்னை விடாமல் பிடித்துக்கொண்ட இடம் அது. தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் தாண்டும் மேலகரம்தான் திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியில் சந்தம் மாறாத பக்கமே கிடையாது. குறத்தி தன் மலையைச் சொல்லும்போது இந்தத் திரிகூடமலையே எழுந்து ஆடுகிறது. சாரல் மாதத்தில் ஐந்தாகப் பிரிந்து விழும் தண்ணீரின் கீழ் நின்று பாருங்கள், அந்தச் சந்தம் எங்கிருந்து வந்ததென்று தெரிந்துவிடும். கவிராயருக்குக் ‘குறவஞ்சி மேடு’ என்ற நிலத்தைக் கொடையாகத் தந்தவன் யார்? விஜயரங்க சொக்கநாதன். பாட்டியைச் சிறையில் போட்டதாக ஊர் தூற்றும் அதே பேரன்!

அவன் அரண்மனையில் ஒன்றுக்கு இரண்டு காவியம் நடமாடிக்கொண்டிருந்தது. ஒருத்தி, கைக்குழந்தையாக இருந்தபோதே அவனுக்கு முடிசூட்டி அவன் பேரில் நாடு ஆண்ட பாட்டி மங்கம்மாள். இன்னொருத்தி அவன் மனைவி மீனாட்சி. 1732ல் அவன் பிள்ளையில்லாமல் செத்த பிறகு திருச்சியைத் தனியே தாங்கி, ஆற்காட்டுச் சந்தா சாகிப்பின் சத்தியத்தை நம்பிக் கெட்டவள். ஸ்ரீரங்கத்தில் சொக்கநாதன் குடும்பத்தோடு சிலையாகக் கைகூப்பி நிற்கிறான். பக்திமான், வள்ளல், மறுக்கவில்லை. ஆனால் கவிஞருக்கு நிலம் கொடுத்தவன் பாட்டிக்கு ஒரு பாட்டுக் கேட்கவில்லை. என் கணக்கில் அவன் நல்லவன் இல்லை.

பாட்டில்லாத இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்துக்கொண்டவள் வேலு நாச்சியார்தான். 1772ல் காளையார்கோவிலில் கணவனைப் பறிகொடுத்து, விருப்பாச்சியில் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780ல் சிவகங்கையை மீட்டவள். ஸ்ரீராம் சர்மா அவள் கதையை நாட்டிய நாடகமாக்கினார்; 2017 ஆகஸ்டில் சென்னை நாரத கான சபாவில் அது மேடையேறியது. அதற்கு முந்தைய வருஷமே, அமெரிக்கத் தமிழ் ராப் பாடகர் புரொஃபசர் ஏ.எல்.ஐ. தன் ‘தமிழ்மேட்டிக்’ ஆல்பத்தில் அவளுக்கென்று ஒரு பாட்டு வைத்தார். வாள் பிடித்த ராணிக்கு ராப் பொருந்துகிறது.

மங்கம்மாளுக்கு? சாலையும் சத்திரமும் அவள் பேரில் நிற்கின்றன. தென்காசியிலேயே மங்கம்மாள் சாலை உண்டு. யாராவது அவளுக்கு ஆல்பம் போட்டால் முதல் பாட்டைச் சிறையில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். 1689ல் தொடங்கட்டும். மகன் அம்மையில் போய்விட்டான். நிறைமாத மருமகள் முத்தம்மாள் உடன்கட்டை ஏறுவேன் என்று நிற்கிறாள். மாமியார் தடுத்து நிறுத்துகிறாள். பிள்ளை பிறந்த சில நாளில் மருமகளும் போய்ச் சேருகிறாள். மகனுக்கும் மருமகளுக்கும் கருமாதி முடித்த கையோடு பேரனைத் தொட்டிலில் போட்டுவிட்டு, ராமநாதபுரத்துச் சேதுபதி, தஞ்சாவூர், மைசூர், ஔரங்கசீப்பின் தளபதி எல்லோருக்கும் பதில் சொல்ல உட்கார்ந்தாள் அந்தக் கிழவி. 1702ல் சேதுபதியோடு நடந்த போரில் தளவாய் நரசப்பையாவையே இழந்தாள். அதற்குப் பிறகும் ஆண்டாள்.

சிறைக்கதை அடுத்த வாரம்.