இரு குரல், ஒரு மௌனம்

மேடையில் ஒரே உயிராக நின்று பாடுகிற இருவர், திரை விழுந்ததும் பேசாமல் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள், இப்படியே பல வருஷங்கள் போயின என்று நான் ஒரு கதை எழுதினால், "நம்பும்படியாக இல்லையே, ஸார்!" என்று கடிதம் வரும். சரித்திரத்துக்கு அந்தக் கவலை கிடையாது. அமெரிக்காவின் ஸாம் மூர், டேவ் பிரேட்டர் என்ற கறுப்பினப் பாடகர்களின் வாழ்க்கை அப்படித்தான் நடந்தது.

ஸாம் 1935-ல் மியாமியில் பிறந்தவர். டேவ் 1937-ல் ஜார்ஜியாவில், ஒஸில்லா என்ற சிற்றூரில். இருவருக்கும் மாதாகோயில் பாட்டுத்தான் முதல் பாடம். 1961-ல் மியாமியில் ஒரு கேளிக்கை விடுதி. பாட வந்த டேவுக்கு நடுவில் அடி மறந்துவிட்டது. நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்த ஸாம் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். கூட்டம் ஆரவாரித்தது, ஜோடி பிறந்துவிட்டது.

1965-ல் அட்லாண்டிக் கம்பெனி இவர்களை மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிலையத்துக்கு அனுப்பியது. பழைய சினிமாக் கொட்டகைதான் அந்த நிலையம். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே வாழ்ந்த அந்த ஊரில், அங்கே மட்டும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். ஐஸக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும் பாட்டுக் கட்டினார்கள். ஒருநாள் கழிப்பறையில் தங்கிவிட்ட போர்ட்டரை ஹேய்ஸ் அவசரப்படுத்த, "பொறு, வருகிறேன்!" என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம். அதுவே 1966-ல் நாட்டைக் கலக்கிய பாட்டுக்குப் பல்லவியாயிற்று!

1967-ல் டெட்ராய்ட்டில் கலவரம். கறுப்பர்கள் தங்கள் கடைகள் தப்பவேண்டுமென்று 'ஸோல்', அதாவது 'ஆன்மா', என்று சுவரில் எழுதி வைத்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஹேய்ஸின் மனத்தில் உருவானதுதான் 'ஸோல் மேன்'. அது அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. கிராமி பரிசும் வாங்கித் தந்தது.

ஸாம் உச்சத்தில் எடுப்பார். டேவ் கீழிருந்து பதில் சொல்லுவார். ஆட்டமும் ஓட்டமுமாக உடுப்பெல்லாம் வேர்வையில் நனைந்துவிடும். அந்த வருஷத்து ஐரோப்பிய யாத்திரையில், இவர்களுக்குப் பிறகு மேடையேற ஓடிஸ் ரெடிங் போன்ற மேதையே தயங்கினாராம்.

1968-ல் அட்லாண்டிக்கும் ஸ்டாக்ஸும் பிரிந்தன. ஒப்பந்தம் அட்லாண்டிக்கிடம் இருந்ததால் இவர்கள் மெம்பிஸை விட்டு வரவேண்டியதாயிற்று. பாட்டுக் கட்டியவர்களும் போனார்கள், பக்கவாத்தியமும் போயிற்று. வெற்றியும் அவர்களோடு போய்விட்டது. இருவருக்குமிடையே மனக்கசப்பு முற்றியது. 1970-ல் பிரிந்தார்கள், வயிற்றுப் பிழைப்புக்காக மறுபடி சேர்ந்தார்கள். பாட்டு உண்டு, பேச்சு இல்லை. போதைப் பழக்கமும் ஸாமை வாட்டியது. 1981-ம் வருஷத்துக் கடைசி இரவில், ஸான்பிரான்ஸிஸ்கோவில், கடைசியாகச் சேர்ந்து பாடினார்கள்.

ஸாம் போதையிலிருந்து மீண்டார். டேவோ வேறொரு ஸாமைத் தேடிப் பிடித்து, பழைய பெயரிலேயே கச்சேரி செய்தார். 1988 ஏப்ரலில், ஜார்ஜியாவில் ஒரு மோட்டார் விபத்து அவரைக் கொண்டுபோயிற்று. நான்கு வருஷம் கழித்து ராக் இசையின் புகழ் மண்டபத்தில் இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பொறித்தார்கள். பெற்றுக்கொள்ள ஒருவர்தான் இருந்தார். அந்த ஸாமும் 2025 ஜனவரியில் மறைந்தார்.

நட்பு இல்லாமல் கலை வாழுமா என்று கேட்பவர்களுக்கு, கொஞ்ச காலம் வாழும் என்றுதான் நான் சொல்வேன். அந்தக் கொஞ்ச காலத்தின் இசைத்தட்டுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒரு குரல் கூப்பிடுகிறது; மறு குரல் தவறாமல் ஏன் என்று கேட்கிறது.