கடல் எச்சரிக்கையும் ஒரு குறிகட்டுவான் குடும்பமும்

"கடலை விட்டு விலகி மேட்டு நிலத்திற்குச் செல்லுங்கள்" என்பதே ஆழிப்பேரலை எச்சரிக்கைகளில் முதலாவதாகக் கூறப்படும் அறிவுரை. கண்டியில் வாழ்வோனுக்கு அஃது வேண்டியதில்லை. காலியில் வாழ்வோனுக்கு ஊருக்குப் பின்னே குன்றுகள் உள. யாழ்ப்பாணத்துத் தீவகத்தான் யாது செய்வான்? சுண்ணக்கல்லாலான தட்டையான தீவுகளில் பனையின் உச்சியைவிட உயர்ந்த இடம் அரிது.

குறிகட்டுவான் புங்குடுதீவின் மேற்குக் கரையில் உள்ள இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் இங்கேதான் வள்ளம் ஏறுகின்றனர். யாழ்ப்பாண நகருக்குச் செல்வதாயின் புங்குடுதீவைக் கடந்து, தாம்போதி வழியே வேலணையை அடைந்து, பின்னர் பண்ணைக் கடலையும் தாண்டவேண்டும். தாம்போதியின் இருமருங்கும் கடலே. எனவே, தப்பிச் செல்லும் வழியே அலைக்கு இலக்காகும் வழியாகவும் அமைந்துவிடுகிறது.

1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் ஒரு பெருஞ்சூறாவளி இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. ஆழங்குறைந்த கடலைக் காற்று உந்திக் குவித்தமையால் நீர் மலைபோல் எழுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் புகைவண்டி, நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுள் மறைந்தது. அந்நகர் பின்னர் மக்கள் வாழத்தகாத இடமாக அறிவிக்கப்பட்டது. அந்நாளில் தீவகத்தில் வானொலிப் பெட்டி வசதி படைத்த சில வீடுகளுக்கே உரியது. ஏனையோர் வாடைக்காற்றின் போக்கையும் வானின் நிறத்தையும் நோக்கியே வள்ளத்தைக் கரையேற்றினர். சூறாவளிக்கேனும் இத்தகைய முன்னறிகுறிகள் உண்டு.

2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலைக்கு அவையும் இல்லை. வடமராட்சி கிழக்கும் முல்லைத்தீவும் பேரழிவுற்றன. மேற்கேயுள்ள தீவுகள் பெரிதும் தப்பின. அடுத்த ஆண்டிலே இலங்கையில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது; இந்துசமுத்திரம் முழுமைக்குமான எச்சரிக்கை ஒழுங்கும் படிப்படியாக உருவாயிற்று.

அவ்வொழுங்கிற்குப் பெருஞ்சோதனை 2012 ஏப்பிரல் 11 ஆம் நாள் வந்தது. பிற்பகல் 2.08 மணியளவில் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவுடைய நிலநடுக்கம் நிகழ்ந்தது. எச்சரிக்கை நாடெங்கும் பரவியது. சித்திரைப் புத்தாண்டுக்கு இரு நாள்களே இருந்தன. குறிகட்டுவானில் எமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில், தலைவர் காலையிலேயே நயினாதீவுக்குச் சென்றிருந்தார். வீட்டில் மனைவியும், இரு பிள்ளைகளும், 1964 ஆம் ஆண்டுச் சூறாவளியை இளவயதிற் கண்ட முதியவளான மாமியாரும் இருந்தனர். செய்தி கைத்தொலைபேசியில் வந்தது. துறைக்கு ஓடிய மனைவியிடம், இனி வள்ளம் ஓடாதென்று அங்கு நின்றோர் கூறினர்.

"மாமி, நீங்கள் பிள்ளையளோட போங்கோ. நான் அவர் வரும்வரை நிக்கிறன்" என்றாள் மருமகள்.

"நீ நிண்டால் அவன் உன்னைத் தேடி வள்ளம் எடுப்பான், பிள்ளை. நீ போனாத்தான் அவன் அங்க இருப்பான். நட!" என்றாள் கிழவி.

இதனை அம்மூதாட்டி வாயாலேயே கேட்டேன். எந்த அறிவித்தலிலும் காணாத நுட்பம் இது. தீவிலே எச்சரிக்கையானது குடும்பத்தை இரு கரைகளில் நிறுத்திவிடுகிறது. ஒருவரையொருவர் தேடி ஆழங்குறைந்த நீரிணையில் இறங்குவதே பேராபத்து. அவர்கள் பட்டணத்தை நோக்கித் தாம்போதிக்கு ஓடவில்லை. ஊரின் நடுவேயுள்ள மாடிக் கட்டடம் ஒன்றில் ஏறி இருந்தனர். மாலை 4.13 மணியளவில் 8.2 அளவுடைய இரண்டாவது அதிர்ச்சி நிகழ்ந்ததென்ற செய்தி வந்தபோது, புறப்பட ஆயத்தமானோரும் மீண்டும் அமர்ந்தனர். பின்னர் எச்சரிக்கை நீக்கப்பட்டது. தலைவர் மறுநாட் காலை முதல் வள்ளத்தில் வந்திறங்கினார்.

"பொய் எச்சரிக்கை" என்று அன்று பலர் முணுமுணுத்தனர். அப்படிக் கூறுவது முறையன்று. 2004 இல் கடற்றளம் மேலெழுந்து நீரைத் தூக்கியது. 2012 இல் பாறைகள் பெரும்பாலும் பக்கவாட்டில் வழுக்கின. ஆதலாற் பேரலை எழவில்லை. எனினும், நீர்மட்டக் கருவிகள் காட்டும்வரை அதனை உறுதியாகக் கூற எவராலும் இயலாது; அதுவரை காத்திருப்பின் நேரம் கடந்துவிடும்.

அக்குடும்பத்தார் அதன்பின் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். கடல் எச்சரிக்கை வருமாயின் நயினாதீவில் நிற்பவர் நயினாதீவிலேயே நிற்பது. குறிகட்டுவானில் உள்ளோர் அதே மாடிக் கட்டடத்திற்குச் செல்வது. தொலைபேசியில் ஒருமுறை மாத்திரம் பேசுவது. துறைக்கு எவரும் போவதில்லை.