தகுதிக்கென்று திறந்த உதவித்தொகை

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் வாழ்ந்த எலிசபெத் ஹேஸ்டிங்ஸ் என்ற சீமாட்டி 1739-இல் எழுதிவைத்த உயில், உதவித்தொகைத் தேர்வுகளின் வரலாற்றில் தனியிடம் பெற வேண்டிய ஆவணம். ஆக்ஸ்போர்டின் குவீன்ஸ் கல்லூரியில் ஐந்து ஏழை மாணவர்கள் படிப்பதற்காக அவர் தம் சொத்தின் ஒரு பகுதியை ஒதுக்கினார். வட இங்கிலாந்தில் அவரே பெயர் சொல்லிக் குறித்த பன்னிரண்டு பள்ளிகளின் மாணவர்கள் மட்டுமே அதற்குப் போட்டியிடலாம். அவர்கள் அபர்போர்டு என்ற ஊரின் விடுதியொன்றில் கூடி லத்தீன், கிரேக்க மொழிபெயர்ப்புத் தேர்வு எழுத வேண்டும். சிறந்த பத்துப் பேரின் விடைத்தாள்கள் கல்லூரிக்குப் போகும். கல்லூரி அவற்றில் எட்டைத் தேர்ந்தெடுக்கும். பிறகு அந்த எட்டுப் பெயர்களையும் ஒரு குடத்தில் இட்டு எடுக்க வேண்டும். முதலில் வரும் ஐந்து பெயர்களுக்கே உதவித்தொகை. உத்தரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. முதலில் தகுதிக்கு ஒரு வரம்பு, அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்குள் குலுக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதிகள் இந்தக் குலுக்கலை அறிவுக்கு ஒவ்வாதது என்று நீக்கினார்கள். கூடவே, இந்த ஊருக்கு, இந்தப் பள்ளிக்கு என்று வேலியிட்டு வைத்திருந்த நூற்றுக்கணக்கான பழைய அறக்கட்டளைகளைப் பொதுப் போட்டிக்குத் திறந்துவிட்டார்கள். தகுதி உள்ள எவரும் வரலாம் என்பதே அவர்களின் முழக்கம். அந்தத் திறப்பால் ஏழை மாணவர்களுக்குக் கிடைத்ததைவிட அவர்கள் இழந்ததே அதிகம் என்பது என் முடிவு. அதற்குக் காரணம் தேர்வு அன்று. தேர்வுக்கான தயாரிப்பின் விலை.

பழைய ஏற்பாட்டை நான் போற்றவில்லை. வின்செஸ்டர் பள்ளியிலிருந்து ஆக்ஸ்போர்டின் நியூ கல்லூரிக்கும், ஈட்டன் பள்ளியிலிருந்து கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிக்கும் இடைக்காலத்திலேயே தனிப்பாதை போடப்பட்டிருந்தது. நிறுவனரின் இரத்த உறவு என்று வம்சாவளி காட்டியவர்களுக்கு முன்னுரிமை இருந்தது. கிங்ஸ் கல்லூரி மாணவர்கள் 1851 வரை பல்கலைக்கழகத் தேர்வே எழுதாமல் பட்டம் பெற்றார்கள். இதைச் சோம்பலுக்குக் கொடுத்த மானியம் என்றே சொல்ல வேண்டும். ஆனால் வேலிக்குள் இருந்தவை எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. கிளாஸ்கோ மாணவர்களுக்கென்று ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் இருந்த ஸ்னெல் உதவித்தொகையில்தான் ஆடம் ஸ்மித் 1740-இல் அங்கே படிக்கப் போனார். நியூட்டன் 1661-இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தது, பணிவிடை செய்து கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும் மாணவர் வரிசையில். அந்த வரிசை மானக்கேடானது, ஒழிந்தது நல்லதே. ஆயினும் அது பணமில்லாதவர் உள்ளே வர இருந்த ஒரு வாசல். அதை அடைத்தவர்கள் அதற்கு ஈடாக வேறொரு வாசலைத் திறந்தார்களா என்று கேட்பது நியாயம்.

1850-இல் அமைந்த அரச ஆணையங்களும், ஆக்ஸ்போர்டுக்கு 1854-இலும் கேம்பிரிட்ஜுக்கு 1856-இலும் வந்த சட்டங்களும் பெரும்பாலான வேலிகளைப் பிடுங்கின. பேலியல் கல்லூரி அதற்கு முன்பே, 1827-இலேயே, தன் உதவித்தொகையைப் பொதுப் போட்டிக்கு விட்டு, நாட்டிலேயே பெருமைக்குரிய பரிசாக அதை மாற்றியிருந்தது. இனி எந்த ஊர்க்காரரும் எழுதலாம். ஆனால் எதை எழுத வேண்டும்? ஆங்கிலக் கவிதைப் பகுதி ஒன்றைக் கொடுத்து, அதைக் கிரேக்க யாப்பில் செய்யுளாக ஆக்கச் சொல்வார்கள். மற்றொன்றை லத்தீன் செய்யுளாக்க வேண்டும். நாடாளுமன்ற உரை போன்ற ஓர் ஆங்கில உரைநடையை சிசரோவின் நடையில் எழுத வேண்டும். முன்பின் பார்த்திராத பகுதிகளை அகராதி இல்லாமல் மொழிபெயர்க்க வேண்டும். பதினெட்டு வயதில் இதைச் சரளமாகச் செய்ய, ஏழெட்டு வயதில் லத்தீனையும் பத்து வயதை ஒட்டிக் கிரேக்கத்தையும் தொடங்கியிருக்க வேண்டும். தமிழே பேசாத ஒரு பையனிடம் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து வெண்பாவாக்கித் தா என்று மூன்று மணி நேரத் தேர்வு வைப்பதற்கு நிகரான காரியம் இது. அறிவுக்கூர்மை மட்டும் இருந்தால் போதாது. பத்தாண்டுப் பயிற்சியும் அந்தப் பயிற்சிக்குச் சம்பளம் கட்டும் தகப்பனும் வேண்டும்.

இந்தத் தேவையைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. எட்டு வயதில் சேரும் உறைவிடத் தொடக்கப் பள்ளிகள், ஈட்டன், வின்செஸ்டர் பள்ளிகளின் உதவித்தொகைத் தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தின. அந்தப் பள்ளிகள் தங்கள் மேல்வகுப்புகளைக் கல்லூரி உதவித்தொகைக்காகவே நடத்தின. வென்றவர் பெயரைச் சுவரில் பொன்னெழுத்தில் பொறித்தன. பள்ளியில் கற்ற மட்டம் போதவில்லை என்றால் தனிப்பயிற்சி நிலையங்கள் இருந்தன. முன்னாள் பிரதமரின் பேரனான பெர்ட்ரண்டு ரஸ்ஸல் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் ஆசிரியர் வைத்துப் படித்தவர். டிரினிட்டி உதவித்தொகைத் தேர்வுக்கு முன் லண்டனை அடுத்த ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்து, வென்று, 1890-இல் கேம்பிரிட்ஜில் நுழைந்தார். அவருடைய மேதைமையில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த அறக்கட்டளைப் பணம் அவருக்குத் தேவைப்படவில்லை. இன்னொரு சான்று கணிதமேதை ஆலன் டூரிங். 1929 டிசம்பரில் டிரினிட்டிக்கு எழுதி வெற்றி பெறவில்லை. ஷெர்போர்ன் பள்ளியில் இன்னும் ஓராண்டு இருந்து, 1930 டிசம்பரில் மீண்டும் எழுதி, கிங்ஸ் கல்லூரியில் ஆண்டுக்கு 80 பவுண்டு உதவித்தொகை பெற்றார். அந்த இரண்டாம் வாய்ப்பு அவரை வளர்த்தது, உலகத்துக்கும் பயன்பட்டது. பதினாறு வயதில் வேலைக்குப் போய்க் குடும்பத்துக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டிய பையனுக்கு அந்தக் கூடுதல் ஓராண்டை யார் கொடுத்திருப்பார்கள்? தேர்வு எல்லோருக்கும் ஒரே வினாத்தாளைத் தந்தது. ஒரே கால அவகாசத்தைத் தரவில்லை.

ஏழைகள் வென்றதே இல்லையா என்று கேட்கலாம். வென்றார்கள். கார்ன்வாலில் வெண்களிமண் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஏ. எல். ரௌஸ் 1920-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி உதவித்தொகையை வென்று, பின்னர் பெயர்பெற்ற வரலாற்றாசிரியரானார். அவர் கதையை முறைமையின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. கல்லூரி கொடுத்த பணம் மட்டும் அவருக்குப் போதவில்லை. கார்ன்வால் மாவட்டம் தன் மாணவருக்கென்று ஒதுக்கிய உதவியையும் லண்டன் வணிகர் சங்கம் ஒன்றின் உதவியையும் அதோடு சேர்த்த பிறகே அவரால் ஆக்ஸ்போர்டு போக முடிந்தது. அதாவது பொதுப் போட்டி அவருக்குப் பெருமையைக் கொடுத்தது. மாவட்ட எல்லைக்குள் அடைத்துவைத்த பணம் அவரைப் படிக்க வைத்தது. தவிர, அரிதாக வென்ற ஒருவரின் பெயரை நூறாண்டு கழித்தும் நாம் சொல்ல வேண்டியிருப்பதே, அப்படி வென்றவர் எத்தனை குறைவு என்பதைக் காட்டுகிறது.

இதே கொள்கை கடல் தாண்டி நம்மிடம் வந்தபோது அதன் இயல்பு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. இந்தியக் குடிமைப் பணிக்குப் பொதுப் போட்டித் தேர்வு வைக்கலாம் என்று மெக்காலே தலைமையிலான குழு 1854-இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டே முதலாவது தேர்வு லண்டனில் நடந்தது. அது வேலைக்கான தேர்வுதான், படிப்புதவிக்கானது அன்று. என்றாலும் பாடத்திட்டம் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கற்பித்ததை அச்சாகக் கொண்டது. கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழுக்கு இடமே இல்லை. தமிழ் பேசும் மாவட்டங்களை ஆளப்போகும் அதிகாரிக்கான தேர்வு என்பதை மறந்துவிடக் கூடாது. 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் அதில் முதல் இந்தியராகத் தேறினார். 1878-இல் தேர்வெழுதும் உச்ச வயது 19 ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்ததும் கப்பலேற வேண்டும் என்ற நிலையில் பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு அது எட்டாக்கனியானது. 1922 வரை இந்திய மண்ணில் அந்தத் தேர்வு நடக்கவில்லை. சட்டப்படி இனத்தடை எதுவும் கிடையாது. தடை முழுவதும் தயாரிப்புக்கு ஆகும் செலவிலும் பயணத்திலும் வயதிலும் ஒளிந்திருந்தது.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. தயாரிப்பு என்பதே கல்விதானே, வென்றாலும் தோற்றாலும் படித்தது மிச்சம்தானே என்பது அது. இதில் உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்னாளில் கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றுக்கு வந்த உதவித்தொகை வினாத்தாள்கள் மனப்பாடத்தைக் கேட்கவில்லை. யோசிக்கச் சொன்னார்கள், கட்டுரை எழுதச் சொன்னார்கள். இங்கிலாந்தின் நல்ல பள்ளிகளில் மேல்வகுப்புப் பாடம் ஆழமாக இருந்ததற்கு இந்தத் தேர்வுகள் ஒரு காரணம். ஆனால் அந்த ஆழத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எழுதிக்கொடுத்த பாடத்திட்டம் இல்லாத தேர்வில், கேட்பவர் மனம் அறிந்தவருக்கே ஆதாயம். அதே தேர்வை முன்பு எழுதி, அதே கல்லூரியில் படித்து வந்த ஆசிரியர் வாய்த்த பள்ளி, எந்த வினாவுக்கு எவ்வளவு துணிச்சலாக விடை எழுதலாம் என்பதைக் கற்றுக்கொடுத்துவிடும். அப்படி ஒருவர்கூட இல்லாத பள்ளியின் மாணவன் பழைய வினாத்தாளைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். வெளிப்படையான பாடத்திட்டம் சலிப்பூட்டலாம். ஏழை மாணவனுக்கு அதுவே பாதுகாப்பு.

இந்தப் போட்டியைக் கைவிட்டால் தரம் விழுந்துவிடும் என்ற அச்சத்துக்கும் வரலாறே விடை சொல்லிவிட்டது. 1920-இல் பிரிட்டிஷ் அரசு ஆண்டுக்கு 200 மாணவர்களுக்குப் படிப்புதவி தரத் தொடங்கியது. 1962-இல் வந்த கல்விச் சட்டம், பல்கலைக்கழகத்தில் இடம் பெற்ற எவருக்கும் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கிட்டு உள்ளாட்சி அமைப்பு உதவ வேண்டும் என்று ஆக்கியது. பணம் தேவையின் பக்கம் நகர்ந்துவிட்டது. கல்லூரி உதவித்தொகை அதன்பின் பெயருக்கு ஒரு சிறு தொகையாக, கௌரவமாக மட்டுமே எஞ்சியது. ஆனால் அந்தத் தேர்வு இடம் பெறும் வழியாகத் தொடர்ந்ததால், பள்ளி முடித்த பிறகும் ஒரு பருவம் தங்கி டிசம்பரில் எழுதும் வசதி படைத்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஆக்ஸ்போர்டின் ஹெர்ட்போர்டு கல்லூரி 1960-களின் நடுவில் வேறுவிதமாக முயன்றது. இயற்பியல் ஆசிரியர் நீல் டானரின் யோசனைப்படி, வழக்கமாக ஆக்ஸ்போர்டுக்கு ஆள் அனுப்பாத பள்ளிகளிலிருந்து மாணவர்களை அழைத்து, நேர்காணலை வைத்தே இடம் கொடுத்தது. பட்டத் தேர்வு முடிவுகளில் பின்தங்கியிருந்த அந்தக் கல்லூரி அடுத்து வந்த ஆண்டுகளில் மேலே ஏறியது. தயாரிப்பை அளப்பதும் திறமையை அளப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் காணவில்லை. 1980-களில் இரண்டு பல்கலைக்கழகங்களும் நுழைவு உதவித்தொகைத் தேர்வைக் கைவிட்டன. திறந்த போட்டி என்று தொடங்கிய முறை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் முடிவுக்கு வந்தது.

ஆகவே உதவித்தொகைத் தேர்வுக்கு வேலி போடுவது தகுதிக்கு எதிரானது என்ற பேச்சு எனக்கு ஏற்புடையதன்று. எந்த வேலி என்பதே கேள்வி. நிறுவனரின் பேரன் என்பது கெட்ட வேலி. ஏறத்தாழ ஒரே மாதிரிப் பள்ளியில், ஒரே மாதிரி ஆசிரியரிடம், ஒரே மாதிரி வசதியில் படித்தவர்களை ஒன்றாக உட்காரவைப்பது நல்ல வேலி. அதற்குள்தான் தேர்வு உண்மையிலேயே திறமையைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் இந்த வகைத் தேர்வுகள் இருக்கின்றன. ஊரகத் திறனாய்வுத் தேர்வில் கிராமப்புறப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தங்களுக்குள் மட்டுமே போட்டியிடுகிறார்கள். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாகிறார்கள். 2023-இல் தொடங்கிய முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளிகளுக்கே உரியது. 500 மாணவரும் 500 மாணவியரும் பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுகிறார்கள். சென்னையின் பெரிய தனியார் பள்ளியோடு கடலாடியின் அரசுப் பள்ளியை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தாத இந்த வரம்பைச் சலுகை என்று கூறித் தளர்த்தச் சொல்லும் குரல்களுக்கு அரசு செவிசாய்க்கக் கூடாது. மாறாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஊரகத் திறனாய்வுத் தேர்வில் வென்ற பிள்ளைக்கு ஆண்டுக்குக் கிடைப்பது 1,000 ரூபாய். அந்தத் தொகையை உயர்த்துங்கள்.