ஏர் பிடித்தவன் எழுதிய இலக்கணம்

ஆங்கில இலக்கணம் என்றதும் நம் மாணவர் பலர் அஞ்சுகின்றனர். எழுவாய் எது, பயனிலை எது என்று தேடித் தடுமாறுகின்றனர். தம் அறிவிலேயே ஏதோ குறை என்று எண்ணிக் குமைகின்றனர். அவர்களுக்கு நாம் ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஏழைகளையே ஒரு காலத்தில் அந்த இலக்கணம் அச்சுறுத்திற்று. அதை வென்றவன் ஓர் உழவன் மகன்.

1755ஆம் ஆண்டிலே சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி வெளிவந்தது. பேருழைப்பின் விளைவு, பெருமைக்குரிய நூல். ஆனால் அந்த இரு பெருந்தொகுதிகளின் விலை என்ன? நாலு பவுன் பத்து ஷில்லிங்! காலாட்படை வீரன் ஒருவனின் நாட்கூலியோ ஆறு பென்சு. உண்ணாமல் உடுத்தாமல் 180 நாள் சேர்த்தால் ஓர் அகராதி! சொற்களைப் படைத்தவர் மக்கள். அச்சொற்களின் களஞ்சியமோ செல்வர் வீட்டு அலமாரியிலே!

1762இலே ராபர்ட் லௌத் என்ற சமயகுரு ஓர் இலக்கணம் எழுதினார். பின்னாளில் இலண்டன் நகரப் பிஷப் ஆனவர் அவர். ஷேக்ஸ்பியரிடமும் மில்டனிடமுமே பிழை கண்டார்! ஒரு வாக்கியத்திலே இரண்டு எதிர்மறைச் சொற்கள் வந்தால் பொருள் உடன்பாடாகிவிடும் என்பது அவ்விலக்கணம் கூறிய விதிகளுள் ஒன்று. சாசர் காலத்திலிருந்தே மறுப்புக்கு அழுத்தம் தர ஆங்கிலேயர் அப்படிப் பேசி வந்தனர். வழிவழி வந்த அவ்வழக்கு, விதியால் பிழையாயிற்று. பேசியவன் பாமரன் ஆனான்.

பிழை என்று நகைத்ததோடு நின்றார்களா? இல்லை. 1793இலே ஷெஃபீல்டு நகரத்துத் தொழிலாளர் வாக்குரிமைச் சீர்திருத்தம் கோரிப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் விடுத்தனர். ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட விண்ணப்பம்! மன்றம் அதை ஏற்க மறுத்தது. காரணம், அதன் மொழி மரியாதைக்குரியதாக இல்லையாம்! உரிமை கேட்டவனின் உள்ளத்தைப் பார்க்கவில்லை; உரைநடையைப் பார்த்தனர். மொழி, மாளிகைக்கு வேலியாயிற்று.

அந்த வேலியைத் தாண்டியவன் வில்லியம் காபெட். 1763இலே சர்ரே மாவட்டத்திலே பிறந்தவன். சிறுவனாக இருந்தபோது விதைத்த நிலத்திலே பறவை விரட்டினான். பின் ஏர் பிடித்தான். 1784இலே படையில் சேர்ந்தான். அங்கேதான் லௌத்தின் நூல் அவன் கைக்கு வந்தது. படுக்கையின் விளிம்பே நாற்காலி, மூட்டையே நூலகம், மடிமீது வைத்த பலகையே மேசை. மெழுகுவத்திக்குக் காசில்லை, குளிர்காலத்திலே அடுப்பு வெளிச்சமே விளக்கு. நூல் முழுவதையும் இரண்டு மூன்று முறை எழுதினான். மனப்பாடம் செய்தான். காவல் நிற்கும்போதெல்லாம் முழுவதும் ஒப்பித்தான். பிஷப் எழுதிய நூல், சிப்பாயின் கையில் வாளாயிற்று!

வாள் சும்மா இருக்கவில்லை. 1802இலே வார ஏடு தொடங்கினார் காபெட். படையினருக்குக் கசையடி தந்த கொடுமையைக் கண்டித்தார். 1810இலே ஈராண்டுச் சிறை பெற்றார். 1817இலே அடக்குமுறை மிகவே அமெரிக்கா சென்றார். அங்கிருந்து 1818இலே வந்தது அவருடைய ஆங்கில இலக்கணம். தம் மகனுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்த நூல். எவருக்காக? படைவீரர், மாலுமிகள், தொழில் பழகும் இளைஞர், ஏர் பிடிக்கும் சிறுவர் ஆகியோருக்காக என்று முகப்பிலேயே பொறித்தார்!

1823ஆம் ஆண்டுப் பதிப்பிலே மேலும் ஆறு பாடங்கள் சேர்த்தார். அரசியல் தலைவர்கள் பிழையாக எழுதாமல் இருப்பதற்கான பாடங்களாம்! மன்னரின் உரையையும், அமைச்சர் காசில்ரேயின் எழுத்தையும், வெல்லிங்டன் பிரபுவின் கடிதத்தையும் எடுத்துப் பிழை திருத்தினார். ஷெஃபீல்டுத் தொழிலாளரின் மொழியைக் குறை கூறிய கூட்டம், தன் மொழியின் குறை அம்பலமானதைக் கண்டது. 1832இலே ஓல்டம் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கே அனுப்பி வைத்தது.

இளைஞர்காள்! இலக்கண விதிகளிலே சில, மொழி இயல்பாகப் பெற்றவை. சில, மேலோர் கட்டிய வேலிகள். எது எதுவெனக் கேட்டறியும் உரிமை கற்பவனுக்கு உண்டு. ஆனால் கல்லாமல் ஒதுங்கினால் வேலி வேலியாகவே நிற்கும். பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர். உங்கள் விண்ணப்பத்தை எவரும் மொழியைக் காட்டித் தள்ளாதிருக்கப் படியுங்கள். மேலோர் கடிதத்திலே பிழை இருந்தால், எடுத்துக்காட்டும் துணிவு பெறப் படியுங்கள்!