எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு கர்ப்பப்பை வாய் புற்றுநோய் ஆபத்து 6 மடங்கு: காரணம் என்ன?

தாம்பரம் சானடோரியம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைதான். காசநோயாளிகளுக்காக 1928-ல் தொடங்கப்பட்ட இந்த இடம், பின்னாளில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் முக்கிய மையமானது. 2004 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்ட மையங்களில் தாம்பரமும் ஒன்று.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் எச்.ஐ.வி.யுடன் நீண்ட நாள் நலமாக வாழலாம். ஆனால் பெண்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கு. அதுதான் கர்ப்பப்பை வாய் புற்றுநோய். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்த ஆபத்து 6 மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எச்.ஐ.வி.தான் புற்றுநோயை உண்டாக்குதா?

நேரடியாக இல்லை. காரணம் எச்.பி.வி. என்ற வேறொரு வைரஸ். உடலுறவு மூலம் பரவும் இது, பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து போகும். நோய் எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தால், ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும்.

எச்.ஐ.வி. தாக்குவது சி.டி.4 அணுக்களை. அவை குறைந்தால் காவல்காரன் இல்லாத வீடு மாதிரிதான். எச்.பி.வி. நிரந்தரமாகத் தங்கிவிடும். குறிப்பாக 16, 18-ஆம் வகைகள், செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதைத் தடுக்கும் புரதங்களை முடக்கிவிடுகின்றன.

வழக்கமாக இது புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே போதும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

* சி.டி.4 எண்ணிக்கை குறைவாக உள்ளவர்கள், ஏ.ஆர்.டி.யைத் தாமதமாகத் தொடங்கியவர்கள்
* மாத்திரையை இடையில் நிறுத்தியவர்கள்
* புகையிலை பழக்கம் உள்ளவர்கள்
* பல பிரசவம் கண்டவர்கள், பிற பால்வினைத் தொற்று உள்ளவர்கள்
* ஒருமுறைகூட பரிசோதனை செய்யாதவர்கள்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

மாத்திரை சாப்பிட்டா போதாதா?

ஏ.ஆர்.டி. ஆபத்தைக் குறைக்கும். ஆனால் ஏற்கெனவே தங்கிவிட்ட எச்.பி.வி.யை அது அழிக்காது. அதனால் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

என்ன செய்யணும்?

பொதுவாக 30 வயதில் தொடங்கும் பரிசோதனையை, எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரசு மருத்துவமனைகளில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை உண்டு. சில நிமிட வேலைதான். புற்றுநோய்க்கு முந்தைய நிலையிலேயே தெரிந்தால், கர்ப்பப்பையை எடுக்காமலே பெரும்பாலும் சரிசெய்யலாம்.

ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

வெளியே தெரிந்துவிடுமோ என்ற தயக்கத்தில்தான் பலர் மகளிர் நலப் பிரிவுக்குப் போவதில்லை. எச்.ஐ.வி. நிலையை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் சட்டப்படியான கடமை. அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது, "கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எங்கே எடுக்கணும்?" என்று அங்குள்ள ஆலோசகரிடம் கேளுங்கள்.