2 ஓட்டில் ஜெயித்தவர் 21,556 ஓட்டில் ஜெயித்த கதை

இன்னைக்கு எபிசோட் ரெண்டு நம்பர்ல இருந்து தொடங்குது. 26,100. 26,098.

1997 மே 1ஆம் தேதி நடந்த பிரிட்டிஷ் பொதுத் தேர்தலில், வின்செஸ்டர் தொகுதியில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தவர்கள் வாங்கிய ஓட்டுகள் இவை. 62,000 பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட தொகுதி. வித்தியாசம் 2. ஆறரை மாசம் கழிச்சு அதே ஊர்ல, அதே ரெண்டு பேருக்கு நடுவுல மறுபடியும் தேர்தல் நடந்தது. ஜெயித்தவரும் அதே ஆள்தான். ஆனா வித்தியாசம் 21,556!

ஊர் அதே ஊர், ஆட்களும் அதே ஆட்கள். நடுவுல என்ன ஆச்சு? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

எந்தக் கட்சி பிடிக்கும், யாருக்கு ஓட்டு?

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். பிரிட்டனிலும் நம்ம ஊர் மாதிரியேதான். ஒரு தொகுதியில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர் எம்.பி. பாதிக்கு மேல் வாங்கணும்னு எல்லாம் இல்லை. இதனால அங்கே தேர்தலுக்கு முன்னாடி வீட்டிலும் பப்பிலும் நடக்கற விவாதமே வேற மாதிரி இருக்கும். எனக்கு எந்தக் கட்சி பிடிக்கும்ங்கறது ஒரு கேள்வி. என் தொகுதியில் யார் ஜெயிக்க முடியும்ங்கறது இன்னொரு கேள்வி. ரெண்டுக்கும் பதில் வேறயா இருந்தா, எதை வெச்சு ஓட்டுப் போடறது?

வின்செஸ்டர், லண்டனுக்குத் தென்மேற்கே ஹாம்ப்ஷைரில் இருக்கும் பழைய கதீட்ரல் நகரம். ஆல்ஃபிரட் மன்னரின் தலைநகரமா இருந்த ஊர். 1992 தேர்தலில் அங்கே கன்சர்வேடிவ் கட்சியின் ஜெரி மலோன் 8,121 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிறகு ஜான் மேஜர் அரசில் சுகாதாரத் துறை அமைச்சரும் ஆனார். இரண்டாவது இடம் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு. லேபர் கட்சி ரொம்பத் தள்ளி மூணாவது.

1997இல் நாடு முழுக்க டோனி பிளேரின் லேபர் அலை. 18 வருஷ கன்சர்வேடிவ் ஆட்சி மேல் மக்களுக்குச் சலிப்பு. இப்போ வின்செஸ்டரில் இருக்கும் ஒரு லேபர் ஆதரவாளர் இடத்தில் உங்களை வெச்சுப் பாருங்க. உங்க கட்சிதான் நாட்டில் ஜெயிக்கப் போகுது. ஆனா உங்க தொகுதியில் அதுக்கு வாய்ப்பே இல்லை. மலோனைத் தோற்கடிக்கணும்னா லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் மார்க் ஓட்டனுக்குத்தான் போடணும். லிபரல் டெமாக்ரட் கட்சிக்காரங்க இதை நல்லா தெரிஞ்சு வெச்சிருப்பாங்க. "இங்கே போட்டி எங்க ரெண்டு பேருக்குள்ளதான், லேபர் இங்கே ஜெயிக்க முடியாது"ன்னு ஒரு பார் சார்ட் போட்டு வீட்டுக்கு வீடு துண்டறிக்கை தள்ளுவது அவங்களோட டிரேட்மார்க்.

இது எவ்வளவு தூரம் வேலை செஞ்சதுன்னு நாடு முழுக்கப் பார்த்தா தெரியும். 1992இல் லிபரல் டெமாக்ரட் வாங்கியது 17.8 சதவீத ஓட்டு, கிடைத்தது 20 இடம். 1997இல் ஓட்டு 16.8 சதவீதமா குறைஞ்சது. இடம்? 46. ஓட்டு குறைஞ்சு, சீட் இரண்டு மடங்குக்கு மேல ஆச்சு. கன்சர்வேடிவ் ஓட்டு சரிஞ்சது ஒரு காரணம். யாருக்குப் போட்டா அவங்களைத் தோற்கடிக்கலாம்னு வாக்காளர்கள் தொகுதி தொகுதியா கணக்குப் போட்டது இன்னொரு காரணம்.

ஆனா வின்செஸ்டரில் எல்லா லேபர் ஆதரவாளர்களும் அப்படி மாறிடலை. 6,528 பேர் லேபருக்கே போட்டாங்க. இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்குங்க.

வாக்குச்சீட்டில் ஒரு குறும்பு

அந்த வாக்குச்சீட்டில் இன்னும் ரெண்டு பேர் முக்கியம். ஒருத்தர் ஜான் பிரவுன். 1979 முதல் 1992 வரை வின்செஸ்டரின் கன்சர்வேடிவ் எம்.பி. கட்சி மறுபடி சீட் தராததால் 1992இல் சுயேச்சையா நின்னார். 1997இலும் நின்னார். இந்த முறை கிடைத்தது 307 ஓட்டு.

இன்னொருத்தர் ரிச்சர்ட் ஹக்கெட். இவர் கதை சுவாரஸ்யமானது. அப்போ பிரிட்டனில் கட்சிப் பெயரைப் பாதுகாக்கும் பதிவு முறை கிடையாது. வேட்பாளர் தன் பெயருக்குக் கீழே ஆறு வார்த்தைக்குள் எதை வேணும்னாலும் எழுதிக்கலாம். ஹக்கெட் சரியா ஆறு வார்த்தை எழுதினார்: 'லிபரல் டெமாக்ரட் டாப் சாய்ஸ் ஃபார் பார்லிமென்ட்'. அதாவது, லிபரல் டெமாக்ரட், பாராளுமன்றத்துக்கு முதல் தேர்வு. வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் வரும். அதனால ஹக்கெட் பெயர், உண்மையான லிபரல் டெமாக்ரட் ஆன ஓட்டனுக்கு மேலேயே வந்துடும். நம்ம ஊர்ல ஒரே பெயர்ல சுயேச்சை நிக்க வைக்கிற டெக்னிக்குக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கலாம். ஹக்கெட்டுக்கு 640 ஓட்டு விழுந்தது.

இது அவருக்கு முதல் முறையும் இல்லை. 1994இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், டெவன் பகுதித் தொகுதி ஒன்றில் 'லிட்டரல் டெமாக்ரட்' என்ற பெயரில் நின்னு 10,203 ஓட்டு வாங்கினார். அங்கே உண்மையான லிபரல் டெமாக்ரட் வேட்பாளர் ஏட்ரியன் சாண்டர்ஸ் 700 ஓட்டில் தோத்தார். கோர்ட்டுக்குப் போயும் பலன் இல்லை. அதே சாண்டர்ஸ் 1997இல் டார்பே தொகுதியில் நின்னு ஜெயித்தார். வித்தியாசம் வெறும் 12 ஓட்டு.

முத்திரை இல்லாத சீட்டுகள்

மே 2ஆம் தேதி காலை. டோனி பிளேர் பிரதமராகிறார், நாடே அதைப் பார்த்துட்டு இருக்கு. வின்செஸ்டரில் இன்னும் எண்ணி முடிக்கலை. மறுஎண்ணிக்கை, அதுக்கு மறுஎண்ணிக்கைன்னு இழுத்துட்டே போச்சு. கடைசியில் அறிவிச்சாங்க: ஓட்டன் 2 ஓட்டில் வெற்றி.

லேபர் கட்சிக்கு அந்தத் தேர்தலில் 418 இடம். ஆட்சியைப் பொறுத்தவரை வின்செஸ்டர் யார் கைக்குப் போனாலும் ஒண்ணும் மாறாது. ஆனா மலோன் விடலை. ஹை கோர்ட்டில் தேர்தல் வழக்குப் போட்டார். அவர் கையில் ஒரு வலுவான பாயின்ட் இருந்தது.

அப்போ பிரிட்டனில் ஒரு விதி. வாக்குச்சாவடி ஊழியர் சீட்டை உங்க கையில் கொடுக்கும்போது ஒரு சின்னக் கருவியால் அதில் அதிகாரபூர்வ முத்திரை குத்தித் தரணும். கள்ளச் சீட்டுகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. முத்திரை இல்லைன்னா அந்த ஓட்டு செல்லாது. வின்செஸ்டரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகளில் ஊழியர்கள் முத்திரை குத்த மறந்துட்டாங்க. அந்தச் சீட்டுகளை எல்லாம் ஒதுக்கிட்டுத்தான் எண்ணினாங்க. ஒருவேளை அவற்றையும் சேர்த்திருந்தா? மலோன் 2 ஓட்டில் ஜெயிச்சிருப்பார்.

நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். இதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது, நாம எல்லாரும் வெறுக்கிற ஒரு பக்தான். ஃபார்ம் நிரப்பி சப்மிட் பண்றீங்க. 'நன்றி, பதிவாகிவிட்டது'ன்னு ஸ்கிரீன் காட்டுது. ஆனா சர்வர் அதை ரிஜெக்ட் பண்ணிடுச்சு. உங்களுக்கு எரர் மெசேஜே வரலை. தப்பும் உங்களோடது இல்லை. அந்த ஐம்பது சொச்சம் பேரும் வரிசையில் நின்னு, வீட்டில் விவாதிச்சு எடுத்த முடிவைக் கட்டத்தில் குறிச்சு, பெட்டியில் போட்டுட்டு வீட்டுக்குப் போனாங்க. தன் ஓட்டு எண்ணப்படலைன்னு அதில் ஒருத்தருக்குக் கூடத் தெரிய வாய்ப்பில்லை.

கோர்ட் என்ன செய்யும்?

1868 வரை இப்படிப்பட்ட சண்டைகளை நாடாளுமன்றமே விசாரித்தது. அதாவது கட்சிக்காரங்களே நீதிபதி. அந்த வருஷச் சட்டம்தான் இந்த வேலையை நீதிபதிகள் கையில் கொடுத்தது. சில சமயம் அவங்க முடிவையே திருப்பிப் போட்டிருக்காங்க. 1910 டிசம்பர் தேர்தலில் எக்ஸெட்டரில் லிபரல் வேட்பாளர் 4 ஓட்டில் ஜெயித்ததா அறிவிச்சாங்க. கோர்ட் ஒவ்வொரு ஓட்டா பரிசீலிச்சு, ஹென்றி டியூக் என்ற கன்சர்வேடிவ் வேட்பாளர் 4,777க்கு 4,776 என்ற கணக்கில் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்ததா தீர்ப்புச் சொன்னது.

அப்படின்னா வின்செஸ்டரிலும் மலோனை ஜெயிச்சவர்னு அறிவிச்சிருக்கலாமே? முடியாது. சட்டப்படி முத்திரை இல்லாத சீட்டு செல்லாது, கோர்ட்டும் அதை எண்ண முடியாது. ஆனா, அதிகாரிகள் செய்த தப்பு முடிவையே மாத்திடுச்சுங்கறதும் உண்மை. இதைப் பத்தி 1974இல் நீதிபதி டென்னிங் ஒரு வழக்கில் தெளிவா வரையறுத்திருந்தார். தேர்தல் பொதுவா ஒழுங்கா நடந்திருந்தாலும், ஒரு விதிமீறல் முடிவைப் பாதிச்சிருந்தா அந்தத் தேர்தல் செல்லாது. அதுவும் இதே மாதிரி முத்திரை இல்லாத சீட்டு வழக்குதான். லண்டன் மாநகர கவுன்சில் தேர்தல், 11 ஓட்டு வித்தியாசம், முத்திரை இல்லாத 44 சீட்டு.

அதே தர்க்கம் வின்செஸ்டருக்கும் பொருந்துச்சு. அந்த ஓட்டுகளை எண்ணவும் முடியாது, கண்டுக்காம விடவும் முடியாது. மிச்சம் இருப்பது ஒரே வழி. 1997 அக்டோபரில் ஹை கோர்ட் தேர்தலை ரத்து செய்தது. மறுபடியும் மக்களிடமே போங்க.

நவம்பர் 20

இந்த முறை வாக்காளர்கள் ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கிட்டே வாக்குச்சாவடிக்கு வந்தாங்க. போன தடவை வித்தியாசம் 2. 'என் ஒரு ஓட்டுல என்ன மாறிடப் போகுது'ன்னு அந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது.

முடிவு: ஓட்டன் 37,006. மலோன் 15,450. லேபர் 944.

மே மாசம் லேபருக்குப் போட்ட அந்த 6,528 பேர் ஞாபகம் இருக்கா? நாட்டையே ஆளும் கட்சிக்கு வின்செஸ்டரில் 1.7 சதவீதம். டெபாசிட் காலி. ஆனா லேபர் ஆதரவாளர்கள் இடம் மாறியதை மட்டும் வெச்சு இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. மலோனே 10,000 ஓட்டுக்கு மேல் இழந்தார். சட்டம் அவர் பக்கம் இருந்தது, அவர் வாதம் நியாயமானது, கோர்ட்டும் அதை ஏத்துக்கிட்டது. ஆனா ஊர் பார்த்த பார்வை வேற. 'தோல்வியை ஒத்துக்க மாட்டாம நம்மளை மறுபடி வரிசையில் நிக்க வைக்கிறார்' என்ற பிம்பம் அவர் மேல் விழுந்துடுச்சு. கன்சர்வேடிவ் கட்சியும் அப்போ நாடு முழுக்க அடிபட்டுக் கிடந்தது.

ஹக்கெட்டும் மறுபடி வந்தார். இந்த முறை, 'லிட்டரல் டெமாக்ரட் மார்க் ஹியர் டு வின்'. ஓட்டனின் பெயர் மார்க், 'இங்கே குறியிடுங்கள்' என்பதும் மார்க். சிலேடை பிரமாதம், ஆனா ஓட்டு 59. முதல் தடவை குழம்பியிருக்கலாம், ரெண்டாவது தடவை ஊர் உஷார். அடுத்த வருஷமே, 1998இல், கட்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. குழப்பும் பெயர்களுக்கு அதோட முடிவு. முத்திரை விவகாரமும் பிற்காலத்தில் சரியாச்சு. ஊழியர் குத்தத் தேவையில்லாம, குறி சீட்டிலேயே அச்சாகி வரும்படி மாத்திட்டாங்க.

அந்த 2 ஓட்டு யாருடையது?

வின்செஸ்டரின் மே மாச முடிவைத் தீர்மானிச்சது யார்? பழைய எம்.பி. பிரவுனுக்குப் போட்ட 307 பேரா? அதில் ஒரு சின்னப் பகுதி மலோனுக்குப் போயிருந்தா கதை மாறியிருக்கும். ஹக்கெட் பெயரில் விழுந்த 640 பேரா? அவங்க இல்லாம இருந்திருந்தா ஓட்டன் நிம்மதியா ஜெயிச்சிருப்பார். லேபரை விட்டு ஓட்டனுக்கு மாறியவங்களா, மாறாம இருந்தவங்களா? முத்திரை குத்த மறந்த ஊழியர்களா? வீட்டிலேயே இருந்துட்டவங்களா?

எல்லாருமேதான். நெருக்கமான போட்டியில் தனியா ஒரு 'தீர்மானிக்கும் ஓட்டு'ன்னு ஒண்ணு கிடையாது. ஓட்டுப் போடற நேரத்தில், அது போட்டி நெருங்கப் போற தொகுதியான்னு யாருக்கும் தெரியாது. நவம்பரில் வின்செஸ்டர்காரங்களுக்கு அந்தப் பதில் முன்கூட்டியே கிடைச்சது. கிடைச்சதும் அவங்க எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு பார்த்தோம்.

இது அபூர்வம்னு நினைக்காதீங்க. 2017இல் ஸ்காட்லாந்தின் நார்த் ஈஸ்ட் ஃபைஃப் தொகுதியிலும் வித்தியாசம் 2தான். 2024இல் வட லண்டனின் ஹெண்டன் தொகுதியில் 15.

கடைசியா, இந்த எபிசோடைக் கேட்கும் சிலருக்கு நேரடியாவே பயன்படும் ஒரு தகவல். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. இந்தியர்களும் இலங்கையர்களும் இதில் அடக்கம். படிக்கவோ வேலைக்கோ அங்கே போயிருக்கும் உங்க ஃபிரெண்ட்ஸ் யாராவது 'நமக்கெல்லாம் அங்கே ஓட்டு ஏது'ன்னு சொன்னா, முதல்ல வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்க. அப்புறம் இந்த எபிசோடை அனுப்புங்க.