மந்தைக் கல்லும் லேப் தாளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைக் கண்மாயில் பிடித்துவைத்து மீதி மாதங்களை ஓட்டவேண்டிய கரிசல்காடு. குண்டாறு வருஷத்தின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். இறுகிய கரிசலை உழ, ஆழக் கிணறு வெட்ட, கமலை கட்டித் தண்ணீர் இறைக்க, பருத்திப் பொதியை வண்டியில் ஏற்ற ஆள்பலம் ஒன்றே துணையாக இருந்த ஊர்களில், உடம்பின் வலுவை அளந்து பார்க்க ஏதாவது ஒன்று தேவைப்பட்டிருக்கும். விருதுநகர், ராமநாதபுரம், மதுரை, நெல்லை மாவட்டக் கிராமங்களின் மந்தைகளிலும் கோயில் வாசல்களிலும் கிடக்கும் இளவட்டக்கல் அந்தத் தேவையிலிருந்து வந்தது என்றே எண்ணுகிறேன். பிடிமானமே இல்லாமல் உருண்டையாக, வழவழப்பாகச் செதுக்கிய கருங்கல் அது. குத்தவைத்து உட்கார்ந்து இரு கையாலும் அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து எழுந்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போடவேண்டும். சில ஊர்களில் ஒரே கல். சில ஊர்களில் எடை கூடிக்கொண்டே போகும் பல கற்கள். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கல் போட்டியில் இன்றைக்கும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட கல்லைத் தூக்குகிறார்கள்.

கல்லைத் தூக்கினால்தான் பெண் என்ற பேச்சு இந்த வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முறைமாமனுக்கும் அத்தை மகனுக்கும் பிறந்த அன்றே உரிமை பேசிவைத்த சமூகங்களில் ஒரு கல் திருமணத்தை முடிவு செய்திருக்கும் என்று நம்புவது கடினம். கல் செய்த வேலை வேறு. பையன் ஒருவன் முழுக்கூலிக்கு உரிய ஆளாகிவிட்டான் என்பதை ஊர் கண்ணெதிரே பார்த்து ஒப்புக்கொள்ள அது வழிசெய்தது. தூக்கினான், தூக்கவில்லை என்ற இரண்டே தீர்ப்பும் அங்கே இல்லை. தொடை வரை வந்தது, நெஞ்சு வரை வந்தது, தோள் தொட்டது என்று படிப்படியாகக் கணக்கு உண்டு. பார்த்து நின்றவர்களுக்கு அவன் காய்ச்சலில் கிடந்து எழுந்தவனா, அன்று காலைவரை கிணற்று வேலையில் இருந்தவனா என்பதும் தெரியும். இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தக் கல் வாலிபர்களுக்கானது. அறுபது வயதுக்காரரிடம் அதைத் தூக்கிக் காட்டச் சொல்லி ஊர் கேட்டதில்லை. அவருடைய மதிப்பை அளக்க வேறு அளவுகள் இருந்தன. இன்று முதிய பளுதூக்குபவரின் கையில் இருக்கும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனைத் தாள், அந்த வாலிபக் கல்லையே மறுபடி அவர் முன்னால் உருட்டிவைக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

தாளில் அச்சாகும் எண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1889இல் பிரௌன்-செக்கார் என்ற உடலியல் அறிஞர், தம் எழுபத்திரண்டாம் வயதில், விலங்குகளின் விதைச்சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு வாலிபம் திரும்பியதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யக்கூடிய அளவு ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பில்லை. மனம்தான் வேலை செய்தது. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு காளைகளின் விதைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தது. ஏறத்தாழ நூறு கிலோவிலிருந்து கிடைத்தது பத்து மில்லிகிராம். அதே ஆண்டு பூட்டனான்ட்டும் ருசிச்காவும் அதை ஆய்வகத்திலேயே உருவாக்கினார்கள். 1939இல் இருவருக்கும் வேதியியல் நோபல். ஆக, அளக்கும் வழி வருவதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. ரத்தத்தில் மிகச் சிறிய அளவில் ஓடும் ஹார்மோனைத் துல்லியமாக எண்ணும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் இன்சுலினுக்காகக் கண்டுபிடித்தார்கள். பிறகுதான் டெஸ்டோஸ்டிரோனுக்கும் அந்த வழி திறந்தது. சின்ன ஊர் லேப்கள்கூட ரத்தம் எடுத்து நகரத்துக்கு அனுப்பி மறுநாளே முடிவு வாங்கித் தருவது அதற்கும் வெகுகாலம் பின்னால் வந்த வசதி.

எண் கிடைத்ததும் எது சரியான எண் என்ற கேள்வி எழும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவு மாறிய குழப்பத்தைத் தீர்க்க 2017இல் ஒரு பொது வரம்பு வெளியானது: டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம். அது யாருடைய ரத்தத்திலிருந்து வந்தது என்பதைப் பாருங்கள். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த, உடல்பருமன் இல்லாத, 19 முதல் 39 வயதுக்குட்பட்ட ஆண்கள். அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் 290 என்ற எண்ணைப் பார்த்து, வரம்பின் கீழ்விளிம்பில் கிடக்கிறோமே என்று கலங்கினால், அவர் தம்மை ஒப்பிடுவது வேறொரு கண்டத்து இளைஞரோடு. வயது ஏற ஏற இந்த ஹார்மோன் மெல்லக் குறைவதும், அதைக் கட்டிவைத்திருக்கும் புரதம் கூடுவதால் உடம்புக்குப் பயன்படும் பங்கு இன்னும் குறைவதும் இயல்பு. 40 முதல் 79 வயதுவரை உள்ள ஐரோப்பிய ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளியான பெரிய ஆய்வு, குறைந்த எண்ணோடு தெளிவான பாலியல் அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் மட்டுமே நோய் என்று கணக்கிட்டது. அப்படிப் பார்த்தபோது நோயாளிகள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வயதாகிவிட்டால் கண்ணும் மங்கும், எலும்பும் தேயும். இயல்பு என்பதற்காக அவற்றை வைத்தியம் பார்க்காமல் விடுகிறோமா? நியாயமான கேள்வி. விதையிலோ பிட்யூட்டரியிலோ கோளாறு உள்ளவருக்கு டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை மறுக்கக்கூடாத உரிமை. ஆனால் வயதால் மட்டும் குறைந்தவருக்கு மருந்து என்ன தந்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. 65 வயதைக் கடந்த 790 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2016 முதல் முடிவுகள் வெளியான ஆய்வில் பாலியல் ஆர்வம் ஓரளவு கூடியது, எலும்பு அடர்த்தி கூடியது, ரத்தசோகை பலருக்குச் சரியானது. எதிர்பார்த்த உற்சாகமும் நடைவலுவும் அந்த அளவுக்கு வரவில்லை. முதியவர்களிடம் காணும் இறக்கத்தில் ஒரு பங்கு வயதால் வருவதே இல்லை. தொப்பையாலும் சர்க்கரையாலும் தூக்கக் குறைவாலும் வருவது. அதைச் சரிசெய்தாலே எண் ஏறும். இன்னொரு மறுப்பு, சாதி பார்த்து மந்தையில் இடம் கொடுத்த, பெண்ணைப் பரிசாகப் பேசிய ஒரு வழக்கத்தை உயர்த்திப் பிடிக்கிறேன் என்பது. அந்தக் குறைகளை நான் மறைக்கவில்லை. அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்தான்: அளவுகோல் யாருக்காக உண்டானது என்பதை ஊர் மறக்கவில்லை. போட்டி விதிகளும் இங்கே ஊரோடு ஒத்துப்போகின்றன. ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்குட்பட்ட மூத்தோர் போட்டிகளில் டெஸ்டோஸ்டிரோன் ஆண்டு முழுவதும் தடை. வயதால் குறைந்தது என்ற காரணத்துக்கு விலக்குக் கிடைக்காது.

சிகிச்சையை மருத்துவர் தொடங்கியே விட்டார் என்றால், தாளை வாசிக்கிறவருக்கு மந்தையில் நின்றவர்களின் அறிவு வேண்டும்: நேற்று இந்த உடம்பு என்ன செய்தது? முதல் பரிசோதனை காலை வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும்; குறைந்திருந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுத்து உறுதிசெய்யவேண்டும். ஊசி போடுகிறவருக்கு ஊசியின் மறுநாள் எண் எகிறும், அடுத்த ஊசிக்கு முந்தின நாள் தாழும்; இனான்தேட் வகை ஊசி என்றால் இரண்டு ஊசிக்கும் நடுவில் எடுப்பதே முறை. ஊசி போட்ட தேதி எழுதாத தாளுக்கு அர்த்தமே இல்லை. முந்தின நாள் கடும் எடை தூக்கியவருக்கு கல்லீரல் பரிசோதனையின் ஏஎஸ்டி, ஏஎல்டி எண்கள் ஏறிக் கல்லீரல் கெட்டதுபோலக் காட்டும். அவை கிழிந்த தசை இழைகளிலிருந்தும் கசியும். சிகே என்ற தசை நொதியைப் பார்த்தால் காரணம் தசை என்பது தெரியும், ஜிஜிடி ஏறாமல் இருந்தால் கல்லீரல் மீதான சந்தேகம் குறையும். தசை மிகுந்தவருக்குக் கிரியாட்டினினும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். சிறுநீரகம் பழுது என்று உடனே முடிவுகட்டாமல், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி பார்க்கலாம்.

இந்த வட்டாரத்துக்கென்று தனியாகச் சொல்லவேண்டியது ஹீமாட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைப் பெருக்கும். அந்தப் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தி, எண் இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடர்வது உலகளாவிய வழிகாட்டல். சித்திரை வெயிலில் தோட்ட வேலை பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல் வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுப்பவருக்கு நீர் வற்றியதாலேயே அந்த எண் ஏறிக் காட்டும். வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவேண்டும். ஆனால் வெயில்மேல் பழியைப் போட்டு உயர்ந்த எண்ணைத் தள்ளிவிடுவது அதைவிட ஆபத்து. வற்றிய உடம்பில் ரத்தம் உண்மையிலேயே தடித்துத்தான் ஓடுகிறது. நன்றாக நீர் அருந்தியபின் சில நாளில் மறுபடி எடுத்துப் பார்த்து முடிவுசெய்வதே சரி. இதயநோயோ அதற்கான வாய்ப்போ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தச் சிகிச்சையால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்று ஆறுதல் தந்தது. நுரையீரலில் ரத்தக்கட்டியும் சீரற்ற இதயத்துடிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் மருந்து எடுத்தவர்களிடம் சற்று அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது.

புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ எண்ணையும் தனியாக வாசிக்கக்கூடாது. நான்குக்குக் கீழே இருக்கிறதே என்று விட்டுவிடாமல், சிகிச்சை தொடங்கிய முதல் வருஷத்தில் முந்தைய எண்ணைவிட 1.4க்கு மேல் கூடியிருக்கிறதா என்று பழைய தாளோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஆகவே முதல் ஊசிக்கு முன் எடுத்த தாள் தொலையாமல் இருக்கவேண்டும். கல்லைத் தோளுக்கு ஏற்றியவன் பின்பக்கம் போட்டுவிட்டு நிமிர்ந்துவிடலாம். இந்த மருந்தை அப்படிப் போடமுடியாது. வெளியிலிருந்து ஹார்மோன் வரும்போது மூளையின் ஏவல் அடங்கி, உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திவிடும். மருந்தை விட்டால் முன்பு இருந்ததற்கும் கீழே எண் விழுந்து, மீள மாதங்கள் ஆகும். 290இல் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஊசி எழுதுவதற்கு முன் மருத்துவர் இதை உட்காரவைத்துச் சொல்லவேண்டும். தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் ரத்தம் எடுக்கவேண்டியிருக்கும் என்பதையும், திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அதற்கு ஆகும் பஸ் செலவையும் லேப் செலவையும் சேர்த்து.